மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி மேல்தளம்:
கடைசி மாடியில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரிதான் அதைக் கீழே விட ஆரம்பிக்கும், ஃபேன் போட்டால் அனலாக இறங்கும், ஏசி விடியும்வரை நிற்காது. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கட்டணம் ஏறிவிடும். பெரிய ஏசி வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. முதலில் மாடியைக் கவனிப்போம் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

கசிவு வராமல் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு, அதன்மேல் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மாகோலின் உறவு, ஆனால் மிதித்தால் நசுங்காது), மேலே மெல்லிய கான்கிரீட், கடைசியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். அந்தப் பலகை தடுக்கிற அளவு வெப்பத்தைக் கான்கிரீட்டே தடுக்க வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 2 மீட்டர் கனம் இருக்க வேண்டும்! இப்போது 26 டிகிரியில் வைத்தாலே அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது.

நான் முக்கியமாக நினைப்பது வேறு. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, மாதம் 100 யூனிட் மிச்சம் பிடித்தால் 70 கிலோ. சோலார் வைத்திருக்கிறோமே என்பவர்களும் யோசியுங்கள், ஏசி ஓடுவது ராத்திரி, அப்போது வருவது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட்தான்.

நெல்லைக்காரன்:
நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. எங்கள் பழைய வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். சித்திரையிலும் உள்ளே படுக்கலாம். இப்போது கட்டுகிற பல வீடுகளில் செலவு என்று அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது ஆறவே இல்லை. நான் இப்போது இருப்பது வாடகை வீடு, பலகை போட முடியாது, அதனால் பங்குனியில் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுவேன். மழையிலும் தூசியிலும் மங்கிவிடும், வருஷாவருஷம் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்ப இதைவிட மலிவான வழி கிடையாது.

லண்டன் தமிழச்சி:
அண்ணா, இங்கே கதை தலைகீழ், உள்ளே இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். ஒன்றுமே போடாத வீட்டில் கால்பங்கு வெப்பம் கூரை வழியாகவே போய்விடும், அத்தனையும் கேஸ் எரித்து உண்டாக்கியது. பரணில், அதாவது சாய்வுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடத்தில், 270 மி.மீ. கனத்துக்குக் கம்பளி மாதிரியான கனிமப் பஞ்சு விரிப்பதுதான் இங்கே பரிந்துரை. எங்கள் வீட்டில் விரித்த பிறகு வீட்டைச் சூடாக்கும் பாய்லர் முன்பு மாதிரி அடிக்கடி எரிவதில்லை, குழந்தைகள் அறையும் காலைவரை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒன்று மட்டும், பஞ்சைக் கூரை ஓரம்வரை திணித்துக் காற்று வழியை அடைத்துவிட்டால் குளிரில் ஈரம் கோத்து மரச்சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும், எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஆயிற்று. வேலை முடிந்ததும் டார்ச் அடித்து அந்த ஓரங்களைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.