பிஇஐ துகள்கள் கட்டிதட்டுகின்றன, செல்களும் சாகின்றன. உதவி வேண்டும்

கிளமென்டி_கயல்:
வணக்கம். முதுகலை ஆய்வு மாணவி. டிஎன்ஏவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் பாலிமரான 25 கிலோடால்டன் கிளைத்த பாலிஎத்திலீனிமைனில், அதாவது பிஇஐயில், ஜிஎஃப்பி பிளாஸ்மிடைக் (பச்சையாக மின்னும் புரதத்தின் மரபணு உள்ள டிஎன்ஏ வளையம்) கட்டி ஹெச்இகே 293 என்ற மனிதச் செல்களுக்குள் அனுப்பப் பார்க்கிறேன். தண்ணீரில் கலந்தால், ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைப் பார்க்கும் டிஎல்எஸ் 130 நானோமீட்டர் காட்டுகிறது. அதையே பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) விட்டுவிட்டுக் கீழே போய் ஒரு கோப்பி குடித்து வந்தால் 1,200! செல்களில் பச்சையாக மின்னுவது நாலைந்துதான். மற்றவை உருண்டையாகிக் கழன்று மிதக்கின்றன. பிஇஐ, டிஎன்ஏ விகிதம் 10தான் வைத்தேன். வியாழக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

பழைய_பைப்பெட்:
உப்புதான் காரணம். துகள்களின் மேலுள்ள நேர் மின்னூட்டம் அவற்றை விலக்கி வைக்கிறது. பிபிஎஸ்ஸின் அயனிகள் அதை மறைத்துவிட்டால் ஒட்டத்தான் செய்யும். 5 சதவீத குளுக்கோஸுக்கு மாறுங்கள். டிஎன்ஏ, பிஇஐ இரண்டையும் தனித்தனியே சம அளவில் எடுத்து, ஒரே மூச்சில் கலந்து 20 நிமிடம் விடுங்கள். பிஇஐ கரைசலின் பிஎச்சை 7க்குக் கொண்டுவந்தீர்களா? சும்மா கரைத்தால் நல்ல காரமாக இருக்கும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
உப்பு சரி, ஆனால் செல் சாவதற்கு அது காரணமில்லை. தட்டில் வளரும் செல்லுக்குப் பெரிய துகள் சில நேரம் நல்லதுகூட, கனத்தில் மேலே போய்ப் படியும். எலிக்கு இரத்தத்தில் ஊசி போட்டால்தான் நுரையீரல் தந்துகிகளில் சிக்கும். அந்த 10 என்ன 10? எடையா, என்/பியா?

கிளமென்டி_கயல்:
எடை அக்கா. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 10 மைக்ரோகிராம் பிஇஐ. ரெண்டும் ஒன்றுதானே?

உட்லண்ட்ஸ்_அக்கா:
ஐயோ தங்கச்சி! என்/பி என்பது பிஇஐயின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம். பிஇஐயில் 43 கிராமுக்கு ஒரு மோல் நைட்ரஜன். டிஎன்ஏவில் சுமார் 330 கிராமுக்கு ஒரு மோல் பாஸ்பேட். உன் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் 3 நானோமோல் பாஸ்பேட். நீ போட்ட பிஇஐயில் 230 நானோமோலுக்கு மேல் நைட்ரஜன். என்/பி 77 பக்கம் வருகிறது! 10 வேண்டுமென்றால் 1.3 மைக்ரோகிராம் போதும். டிஎன்ஏவோடு கட்டாமல் மிஞ்சிய பிஇஐதான் செல் சவ்வைப் பதம் பார்க்கிறது. 4 மணி நேரம் கழித்து, செல் வளரும் ஊடகத்தையும் மாற்று. (முதல் வருடம் நானும் இதே கூத்து அடித்தவள்தான்.)

கிளமென்டி_கயல்:
புதன் இரவு. 1.3, குளுக்கோஸ், ஊடகமும் மாற்றியாச்சு. 110 நானோமீட்டர். பாதிக்கு மேல் பச்சை! ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உருண்டைகள். குறிப்பேட்டில் அந்தப் பழைய 10ஐ என்ன செய்ய?

பழைய_பைப்பெட்:
வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போடுங்கள்.