அப்பாவின் பிட்னெஸ் பேண்ட் பார்க்கில் தெரிகிறது, வீட்டுக்கு வந்தால் புதுப் போனில் காணோம். உதவி தேவை

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அப்பாவுக்கு 64 வயது. போன வருடம் சர்க்கரை ஏறியபோது தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர், அதற்காகத்தான் ஒரு பிட்னெஸ் பேண்ட் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு அதைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேண்டில் எழுத்து சின்னது, கண்ணாடி போட்டாலும் அவருக்குத் தெரியாது, அதனால் ராத்திரி படுக்கப் போகும் முன் போனில் ஆப்பைத் திறந்து எத்தனை ஸ்டெப் என்று பார்த்து, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதி வைப்பார். ஒரு நாள் விட்டதில்லை. டாக்டரிடம் போகும்போது தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போவார்.

பத்து நாளுக்கு முன் புதுப் போன் வாங்கினோம், ஆண்ட்ராய்டு 14. அதில் அதே ஆப்பைப் போட்டு "சாதனம் சேர்" கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. பேண்டை முழுதாக சார்ஜ் போட்டேன், போனை ரீஸ்டார்ட் செய்தேன், ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், எதற்கும் அசையவில்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், பார்க்கில் இருக்கும்போது போனின் புளூடூத் பட்டியலில் பேண்டின் பெயர் வருகிறது என்றார் அப்பா. நான் நம்பவில்லை. நேற்று கூடவே போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான், வந்தது. வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் மறுபடி காணோம். வீட்டு வைஃபை ஏதாவது கெடுக்குமா? நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், லீவில் வந்திருக்கிறேன், ஞாயிறு ராத்திரி பஸ். அதற்குள் சரி செய்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பத்துக் கட்டம் காலியாகக் கிடக்கிறது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே நடமாடுகிறார்.

வேகநடை:

சகோ, முதலில் லொக்கேஷன் ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை லொக்கேஷன் அனுமதி இல்லாமல் ஒரு ஆப் பேண்ட் மாதிரிக் கருவிகளைப் புளூடூத்தில் தேட, அதாவது ஸ்கேன் செய்ய, முடியாது. பக்கத்தில் என்னென்ன புளூடூத் கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்தே ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம், அதனால் இந்தக் கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு 12இல் இதற்கென்றே "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி வந்துவிட்டது, ஆனால் பல ஆப்கள் இன்னும் இரண்டையும் கேட்கின்றன. முதல் தடவை கேட்டபோது அப்பா அவசரத்தில் "அனுமதிக்காதே" தட்டியிருந்தால், ஆப் ஒன்றுமே சொல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ஆப் பெயரைத் தட்டி அனுமதிகள் உள்ளே போய்ப் பாருங்கள்.

பச்சைமிளகாய்:

இது புளூடூத் வெர்ஷன் பிரச்சினை. பேண்ட் பழசு, 4.2 ஆக இருக்கும், புதுப் போன் 5.3 ஆக இருக்கும், இரண்டும் ஒத்துவராது. பேண்டை ஒரு தடவை ஃபேக்டரி ரீசெட் அடித்துவிடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் புதுசு வாங்குவதுதான் வழி, இப்போதெல்லாம் இரண்டாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

காவிரிக்கரை:

வேகநடை, நன்றி. பார்த்தேன், லொக்கேஷன், அருகிலுள்ள சாதனங்கள் இரண்டுமே அனுமதித்துத்தான் இருக்கிறது. ரீசெட் செய்யலாம் என்றதும் அப்பா பேண்டைக் கையால் மூடிக்கொண்டார், பத்து நாள் கணக்கு அதற்குள்தானே இருக்கிறது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பார்க்கில் தெரிந்தபோது நான் ஆப் வழியாகவும் சேர்த்துப் பார்த்தேன். அப்போது பேண்டைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் "இந்தச் சாதனம் வேறு கணக்கில் இணைக்கப்பட்டுள்ளது" என்று சொல்லி நிறுத்திவிட்டது. பழைய கணக்கின் பாஸ்வேர்ட் அப்பாவுக்கு ஞாபகம் இல்லாததால் புதுப் போனில் என் மெயிலைக் கொடுத்துப் புதுக் கணக்கு திறந்திருந்தேன். அப்புறம் அதற்கு முந்தின நாளே அப்பா புளூடூத் பட்டியலில் பெயரைத் தட்டியிருக்கிறார், அங்கே "சேமிக்கப்பட்டது" என்று காட்டுகிறது.

தென்காசி சர்வீஸ்:

தங்கச்சி, ரீசெட் எதுவும் செய்துவிடாதீர்கள். நான் பதினான்கு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி கேஸ் மாதத்தில் நாலைந்து வரும். ஒரே கேள்வி: பழைய போன் இப்போது எங்கே இருக்கிறது?

காவிரிக்கரை:

மாடியில் அண்ணன் குடும்பம் இருக்கிறது அண்ணா, அவர் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், அவனிடம் கொடுத்துவிட்டார் அப்பா. எதையும் அழிக்காமல் அப்படியே கொடுத்ததாகச் சொல்கிறார். ஏன் கேட்கிறீர்கள்?

தென்காசி சர்வீஸ்:

அதுதான் விஷயம். பேண்ட் அந்தப் போனோடுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இந்தப் பேண்டுகள் ஓடுவது லோ எனர்ஜி என்ற, பேட்டரியைக் குறைவாகத் தின்னும் வகை புளூடூத்தில், அது 2010இல் 4.0 வெர்ஷனோடு வந்தது. யாரோடும் இணையாமல் சும்மா இருக்கும்போது பேண்ட் "நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்" என்று குட்டிக் குட்டி சிக்னலாக விட்டுக்கொண்டே இருக்கும். மொத்தம் 40 சேனல், அதில் மூன்று இந்த அறிவிப்புக்கென்றே ஒதுக்கியது. போனின் ஸ்கேன் அதைத்தான் கேட்கிறது. ஒரு போனோடு இணைந்த நிமிடம் பெரும்பாலான பேண்டுகள் வாயை மூடிக்கொள்ளும், பேட்டரி மிச்சம் பிடிக்க வேண்டுமே. அப்புறம் பக்கத்திலேயே வைத்து ஸ்கேன் செய்தாலும் வேறு எந்தப் போனுக்கும் அது தெரியாது. அப்பா பார்க்குக்குப் போனதும் மாடியில் இருக்கும் போனின் எல்லையைத் தாண்டிவிடுகிறார், இணைப்பு அறுகிறது, பேண்ட் மறுபடி கூப்பிட ஆரம்பிக்கிறது, புதுப் போனில் பெயர் வருகிறது. வீடு திரும்பினதும் பழைய போனில் இருக்கும் ஆப் யாரும் தொடாமலே அதைப் பிடித்துக்கொள்கிறது. பல வீடுகளில் வைஃபையும் புளூடூத் ஓடுகிற இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது, உண்மை, ஆனால் அதனால் இணைப்பு கொஞ்சம் திக்கும், இப்படி அடியோடு மறையாது.

பச்சைமிளகாய் தம்பி, வெர்ஷன் எண்ணைப் பார்த்துப் புதுசு வாங்கச் சொல்லாதீர்கள், பாவம் பெரியவர் காசு. 4.2 பேண்டும் 5.3 போனும் தாராளமாகப் பேசும். இரண்டு பக்கமும் லோ எனர்ஜி இருக்கவேண்டும், ஆப் அந்த ஆண்ட்ராய்டில் ஓடவேண்டும், அவ்வளவுதான் பொருத்தம். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3லிருந்தே அதற்கு இடம் இருக்கிறது. கடையில் 5.0, 5.3 என்று ஒட்டி விற்பதைப் பார்த்து ஜனங்கள் குழம்பிப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இப்போது செய்யவேண்டியது. அவசரப்படாமல் இந்த வரிசையிலேயே செய்யுங்கள். மாடிக்குப் போய்ப் பழைய போனில் ஆப்பைத் திறங்கள், பேண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைக் கீழே இழுத்துவிட்டால் சின்க் ஆகும், அதாவது பேண்டில் இருப்பது போனுக்கு ஏறும். வைஃபை போட்டு, ஸ்டெப் கணக்கு எல்லாம் கம்பெனி சர்வரில் ஏறும் வரை இருங்கள். அங்கேயே ப்ரொஃபைலில் எந்த மெயில், எந்த நம்பர் என்று இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம்தான் ஆப்பில் "சாதனத்தை நீக்கு" கொடுக்கவேண்டும். பல ஆப்களில் நீக்கினால் பேண்டே துடைத்துப்போகும், அதனால்தான் சின்க்கை முதலில் சொன்னேன். புதுப் போனில் அப்பா தட்டிவைத்த "சேமிக்கப்பட்டது" பதிவையும் மறக்கச் செய்யுங்கள். இணையும்போது இரண்டும் பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவியைப் போன் வைத்துக்கொண்டு, பேண்ட் அதை மறந்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று நம்பாது, இணைந்து இணைந்து அறுந்துகொண்டே இருக்கும். பேண்டை எப்போதும் ஆப் வழியாகத்தான் சேர்க்கவேண்டும், செட்டிங்ஸ் வழியாகச் சேர்க்கக் கூடாது. கடைசியாகப் புதுப் போனில் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து அப்பாவின் பழைய கணக்கிலேயே நுழைந்து சேருங்கள்.

நான் சொல்வது சரிதானா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் என்.ஆர்.எஃப் கனெக்ட் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, நார்வேயில் புளூடூத் சிப் செய்யும் நார்டிக் செமிகண்டக்டர் கம்பெனியுடையது. சுற்றி இருக்கும் எல்லா அறிவிப்புகளையும் அது பட்டியல் போடும், சிக்னல் அளவோடு. மைனஸ் 50 பக்கம் என்றால் கையருகே, மைனஸ் 90 என்றால் ரொம்ப தூரம். அதை ஓடவிட்டுக்கொண்டே பையனை மாடிப் போனில் புளூடூத்தை ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

இடையில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன், தனியாகத் தொடங்க மனசில்லை. புளூடூத் காலிங் வாட்ச் வாங்கினேன். ஆப்பில் இணைந்திருக்கிறது, ஸ்டெப்ஸ் வருகிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயரும் வாட்சில் வருகிறது, ஆனால் எடுத்தால் குரல் போனில்தான் கேட்கிறது. வாட்ச் ஸ்பீக்கர் செத்துவிட்டதா?

தென்காசி சர்வீஸ்:

ஸ்பீக்கர் நன்றாக இருக்கும் சார். அந்த வாட்சில் இரண்டு இணைப்பு உண்டு. ஸ்டெப்ஸும் நோட்டிபிகேஷனும் லோ எனர்ஜி வழியாக ஆப்புக்குப் போகிறது. போன் பேசுவது பழைய வகை புளூடூத், ஹெட்செட் போலவே, அதைத் தனியாகச் சேர்க்கவேண்டும். வாட்ச் மெனுவில் காலிங் ஆடியோவை ஆன் செய்துவிட்டுப் போனின் புளூடூத் பட்டியலைப் பாருங்கள், வாட்ச் பெயரிலேயே, சிலதில் பின்னால் ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டு, இன்னொன்று வரும். அதைச் சேர்த்து "ஃபோன் அழைப்புகள்" டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். பேண்டை செட்டிங்ஸில் சேர்க்காதே என்று மேலே சொன்னேன், இந்த ஆடியோ மட்டும் அதற்கு விதிவிலக்கு.

வேகநடை:

சர்வீஸ் அண்ணே, ஒரு உபகேள்வி. 2015இல் வாங்கின பேண்ட் ஒன்று கிடக்கிறது, அதன் ஆப் பிளே ஸ்டோரிலேயே இல்லை. வைத்திருந்த ஏ.பி.கே ஃபைல் (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) புதுப் போனில் ஏற மாட்டேன் என்கிறது.

தென்காசி சர்வீஸ்:

ஏறாது தம்பி. ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய காலத்துக்கென்று எழுதின ஆப்களை ஆண்ட்ராய்டு 14 உள்ளேயே விடுவதில்லை, பாதுகாப்புக்காக. பேண்டின் ரேடியோ நன்றாகத்தான் இருக்கும், பேச ஆள்தான் இல்லை. கேட்ஜெட்பிரிட்ஜ் என்று ஒரு திறந்த மூல ஆப், எஃப்-டிராய்டு என்ற திறந்த மூல ஆப்களுக்கான ஸ்டோரில் கிடைக்கும், முதலில் பெபிள் வாட்சுக்காக எழுதினது, இப்போது ஏகப்பட்ட மாடல்களுக்கு வேலை செய்கிறது. அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கம்பெனிக் கணக்கே இல்லாமல் ஓட்டலாம்.

காவிரிக்கரை:

அண்ணா, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நீங்கள் சொன்ன ஸ்கேன் ஆப்பை ஓடவிட்டேன். பக்கத்து வீட்டு டிவி, யாரோ ஒருவரின் இயர்பட்ஸ் எல்லாம் வந்தது, மேசையில் என் கைக்கு அரையடியில் கிடக்கும் பேண்ட் மட்டும் இல்லை. அண்ணன் பையனைக் கூப்பிட்டு புளூடூத்தை ஆஃப் செய்யச் சொன்னேன். அவன் மாடியிலிருந்து "செஞ்சிட்டேன் அத்தை" என்று சொல்லி முடிக்கும் முன் பட்டியலில் பேண்டின் பெயர் வந்து நின்றது, மைனஸ் 47. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

அப்புறம் மாடிக்குப் போய்ப் பழைய போனில் ஆப்பைத் திறந்தோம். பத்து நாள் கணக்கும் அதில் இருக்கிறது! அப்பா காலை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற நேரத்தில் தினமும் தானாகவே மாடிப் போனுக்கு ஏறியிருக்கிறது. பையன் அந்த நோட்டிபிகேஷனைத் தினமும் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், தாத்தாவுடையது என்று அவனுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், பழைய கணக்கில் நுழைந்து சேர்த்தபோது முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. நீக்கும்போது பேண்ட் துடைத்துத்தான் போனது, மணி கூட தப்பாகக் காட்டியது, ஆனால் கணக்கில் இருந்தது எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

ஒரு சின்னக் குறை மட்டும். மதியம் போனைத் தொடாமல் வைத்திருந்தால் பேண்ட் அறுந்துபோகிறது, ஆப்பைத் திறந்தால் வந்துவிடுகிறது.

தென்காசி சர்வீஸ்:

சந்தோஷம் தங்கச்சி. அது போன் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பைத் தூங்கவைப்பது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பக்கம் போய் "கட்டுப்பாடற்றது" என்று மாற்றுங்கள், ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ரீசன்ட் ஆப்ஸில் எல்லாவற்றையும் தள்ளி மூடுகிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அந்த ஆப்புக்கு மட்டும் பூட்டுக் குறி போட்டுவிடுங்கள். போன் கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும். பையன் போனில் அந்த ஆப்பையே எடுத்துவிடுங்கள், அப்பா கணக்கு அங்கே இருக்கவேண்டாம்.

காவிரிக்கரை:

மூன்றும் செய்தாயிற்று அண்ணா. நேற்று மதியம் மூன்று மணி நேரம் போனை ஷெல்ஃபில் வைத்துவிட்டோம், அறுந்துபோகவில்லை, மாலை நடை தானாக ஏறியிருந்தது. ராத்திரி அப்பா பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார், நான் ஒவ்வொரு தேதியாகப் படிக்கப் படிக்கப் பத்துக் கட்டத்தையும் நிரப்பினார். ஒரு நாள் மழை, 1,900தான் இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும் என்று அதையும் எழுதினார்.