நான் இன்னும் ஐந்தாம் நாளில்தான் இருக்கிறேன்

குழு: தாத்தா வீட்டுத் திண்ணை
18 ஜனவரி 2025, சனிக்கிழமை

அபி (இரவு 8:41): முடித்துவிட்டேன். ஆறு வாரம், 1,300 பக்கத்துக்கு மேல். யாராவது என்னோடு பேசுங்கள், நெஞ்சை அடைக்கிறது.

ராமு மாமா (8:43): யாருக்கு என்ன ஆச்சு? சுதா, பையனுக்கு உடம்பு சரியில்லையா?

சுதா சித்தி (8:43): ஒன்றுமில்லை அண்ணா. கதைப் புத்தகம்.

கயல் (8:44): ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ் என்று ஒரு ஆங்கில மாயாஜாலக் கதைத் தொடர் மாமா, அதன் ஐந்தாம் பாகம் 'விண்ட் அண்ட் ட்ரூத்'. பிராண்டன் சாண்டர்சன் எழுதுவது. 2010-இல் முதல் பாகம் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

முகுந்த் (8:45): யாரும் எதுவும் சொல்லாதீர்கள். நான் இன்னும் ஐந்தாம் நாளில்தான் இருக்கிறேன்.

ஜானகி பெரியம்மா (8:46): ஐந்து நாளாகவா? காய்ச்சலா முகுந்த்? டாக்டரிடம் போனாயா?

திவ்யா (8:47): காய்ச்சல் இல்லை பெரியம்மா. அந்தப் புத்தகம் முழுக்கப் பத்து நாளில் நடக்கிற கதை. பத்தாம் நாள் இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு வீரனை விட்டு ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. அதுவரை யார் எந்த ஊரைப் பிடிக்கிறார்களோ அது அவர்களுக்கே என்று ஒப்பந்தம். அதனால் இத்தனையாவது பக்கம் என்று சொல்லாமல் இத்தனையாவது நாள் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஜானகி பெரியம்மா (8:49): பத்து நாளுக்கு 1,300 பக்கமா! பாரதப் போரே பதினெட்டு நாள்தானே.

சுதா சித்தி (8:50): நான் காதால் கேட்டே முடித்தேன் அக்கா. ஒலிப்புத்தகம் 62 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. மைக்கேல் கிரேமர், கேட் ரீடிங் என்று இரண்டு பேர் வாசிக்கிறார்கள். பொங்கலுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன், சரியாக அப்போது பார்த்து அடோலினுக்குக் கால் போய்விட்டது. ஒரு ஈடு கருகியே விட்டது.

முகுந்த் (8:50): சித்தி!!!

அபி (8:50): அம்மா!!!

சுதா சித்தி (8:52): ஐயோ, மன்னித்துவிடு முகுந்த். நீக்கிவிட்டேன்.

கயல் (8:53): சித்தி, 'எனக்கு மட்டும்' என்று நீக்கியிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அப்படியே இருக்கிறது.

முகுந்த் (8:54): எந்தக் கால்? வேண்டாம், வேண்டாம், சொல்லாதீர்கள். குழுவை மியூட்டில் போடுகிறேன். நாளைக்கு வருகிறேன்.

திவ்யா (8:57): சரி, அவன் போயாயிற்று. அபி, அடிக்க வராதே. ஐந்தில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான்.

அபி (8:57): தெரியும். கிறிஸ்துமஸ் அன்றைக்கே உன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன்.

திவ்யா (9:01): எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சேத்தின் பிள்ளைப் பருவம் வருகிற இடமெல்லாம் அருமை. ஆடு மேய்க்கிற குடும்பம், கல்லைப் புனிதமாக நினைத்து அதன்மேல் கால் படுவதே பாவம் என்கிற ஊர். அந்தப் புல்தரையில் ஒரு கல் தலைகாட்டுகிறது, அன்றைக்குத் தொடங்குகிறது அந்தப் பிள்ளையின் சரிவு. முதல் புத்தகம் திறந்த உடனே ராஜாவைக் கொல்ல வருகிறவன் இவன்தான். அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்குள் இப்படி ஒரு இடைச்சிறுவன் இருந்தான் என்று காட்ட ஆசிரியர் பதினான்கு வருடம் காத்திருந்திருக்கிறார். அதற்கு ஒரு கும்பிடு.

திவ்யா (9:02): ஆனால் அந்த 'தெரபிஸ்ட்' வசனம்.

கயல் (9:02): வந்துவிட்டது.

அபி (9:03): உலகத்தில் பாதிப் பேர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள்.

ராமு மாமா (9:04): என்ன வரி?

கயல் (9:06): காலடின் என்று ஒருவன் மாமா, கதையின் முக்கிய ஆள். வைத்தியர் மகன், சிப்பாயாகப் போனவன், பிறகு அடிமையாக விற்கப்பட்டவன். இந்தப் பாகத்தில் சேத்துக்குத் துணையாகப் போகிறான். கடைசியில் ஒருவர் 'நீ இவனுக்கு யார்?' என்கிற மாதிரி கேட்கிறார். அதற்கு இவன் 'நான் இவனுடைய தெரபிஸ்ட்' என்கிறான். வாளும் புயலும் தேவர்களும் இருக்கிற கதையில் அந்தச் சொல்.

ஜானகி பெரியம்மா (9:08): ராஜா ராணி கதையில் 'கவுன்சலிங்' என்று வந்தால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

அபி (9:10): பெரியம்மா, அந்த உலகத்தில் யாரும் ஆங்கிலமே பேசுவதில்லை. அவர்கள் பாஷையில் ஏதோ ஒரு சொல், அதை நமக்குத் தெரிந்த சொல்லில் தருகிறார். 'ராஜா' மட்டும் பரவாயில்லை, இது மட்டும் ஆகாதா? அதோடு, காலடின் எங்கிருந்து வந்தான் என்று பாருங்கள். முதல் புத்தகத்தில் பள்ளத்தின் விளிம்பில் குதிக்க நின்றவன். அவன் இன்னொருவனைக் கைப்பிடித்து நடத்துகிற இடத்துக்கு வந்திருக்கிறான். அதைப் பார்க்காமல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு!

திவ்யா (9:18): என் சண்டை அந்தச் சொல்லோடு இல்லை, அபி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நான்காம் பாகத்தில் காலடின் ஒரு வேலை செய்வான், ஞாபகம் இருக்கிறதா? போரில் மனம் உடைந்த சிப்பாய்களைத் தனித்தனியாக இருட்டு அறைகளில் போட்டிருப்பார்கள். அவர்களை வெளியே கூட்டி வந்து, வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவரோடு ஒருவர் பேச விடுவான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வைத்தியத்துக்குப் படித்த ஒருவன், தனக்கே அந்த வலி இருப்பதால் கண்டுபிடித்த வழி. அதைப் படித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. 2021-இல் நான் இருந்த நிலைமை சித்திக்குத் தெரியும். காலையில் எழுந்து பல் விளக்குவதே பெரிய வேலை. அப்போது இந்தத் தொடரில் அவன் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. இந்தப் பாகத்தில் ஒவ்வொருவரும் தன் மனசுக்கு என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து விளக்குகிறார்கள். நான் படித்துப் புரிந்துகொள்ள எதையும் விட்டு வைக்கவில்லை.

சுதா சித்தி (9:20): ம்.

ஜானகி பெரியம்மா (9:21): அப்போது என்னிடம் ஏன் சொல்லவில்லை திவ்யா?

திவ்யா (9:22): எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை பெரியம்மா. ஒரு பெயரும் இல்லை அதற்கு.

ஜானகி பெரியம்மா (9:23): பெயர் இல்லாவிட்டால் என்ன, வந்து உட்கார்ந்திருக்கலாமே.

அபி (9:27): சரி அக்கா, அதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள். நல்ல கத்தரிக்கோல் போட்டிருந்தால் 200 பக்கம் குறைந்திருக்கும். ஆனால் அசிமிர் முற்றுகை? அடோலின் அந்தச் சின்னப் பேரரசனோடு சீட்டாடுகிற இடங்கள்? அதில் ஒரு வரியைக் குறை சொல்ல முடியுமா?

சுதா சித்தி (9:28): முடியாது. என் பிள்ளை அடோலின்.

அபி (9:28): நான் யார் அம்மா?

சுதா சித்தி (9:29): நீ கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற பிள்ளை. அவன் போருக்குப் போகிறான்.

கயல் (9:33): எனக்கு ஆறாத இடம் ஜாஸ்னாதான். அந்த உலகத்திலேயே பெரிய அறிவாளி என்று நாலு புத்தகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எதிரித் தெய்வமான ஓடியத்தோடு ஒரே ஒரு விவாதம், ராணி ஃபென்னின் முன்னால். ராணியின் நாடு தைலேனா யார் பக்கம் போவது என்று. அதில் தோற்றுவிடுகிறாள். அதுவும் கல்லூரிப் பட்டிமன்றத்தில் வருகிற மாதிரி வாதங்களில். 'பெரும்பாலோருக்கு எது நல்லதோ அதுவே சரி' என்கிற அவள் கொள்கையையே எடுத்து அவள் மேல் திருப்பிவிடுகிறான்.

ராமு மாமா (9:36): கயல், நாற்பது வருடம் கோர்ட்டில் நின்றவன் சொல்கிறேன். எதிராளி சொன்னதை வைத்தே எதிராளியை மடக்குவதுதான் நல்ல குறுக்கு விசாரணை. புத்திசாலிச் சாட்சிதான் அதில் முதலில் விழுவார். தான் ஏற்கனவே சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு மனசு வராது. முட்டாள் சாட்சி கூசாமல் மாற்றிவிடுவான்.

கயல் (9:37): மாமா, நீங்கள் புத்தகத்தைப் படிக்காமலே நான் படித்ததை விட நன்றாகச் சொல்கிறீர்கள். கோபமாக வருகிறது.

ராமு மாமா (9:38): இவர் என்ன, வருடத்துக்கு ஒன்று எழுதுகிறாரா?

அபி (9:40): இந்தத் தொடரில் 2010, 2014, 2017, 2020, 2024. நடுவில் வேறு கதைகளும் எழுதுவார். எது எத்தனை சதவீதம் முடிந்தது என்று தன் இணையதளத்தில் பட்டை பட்டையாகப் போட்டு வைத்திருப்பார். கொரோனா சமயத்தில் யாருக்கும் சொல்லாமல் நாலு நாவல் எழுதி வைத்திருந்து, 2022-இல் வாசகர்களிடமே நேராகப் பணம் திரட்டி வெளியிட்டார். 4.17 கோடி சேர்ந்தது.

ராமு மாமா (9:41): 4 கோடி ரூபாயா!

அபி (9:41): டாலர் மாமா.

ராமு மாமா (9:44): நான் தப்பான தொழிலுக்கு வந்துவிட்டேன்.

அபி (9:46): அதுதான் சொல்கிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதுகிற ஜார்ஜ் மார்ட்டின் அந்தத் தொடரின் ஐந்தாம் புத்தகத்தை 2011 ஜூலையில் தந்தார். ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். இங்கே ஒரு மனிதர் சொன்ன தேதிக்குத் தருகிறார், அதற்கும் முகம் சுளிக்கிறீர்கள்.

திவ்யா (9:47): இட்லி சூடாக வந்துவிட்டது என்பதற்காகச் சட்னியில் உப்பில்லை என்று சொல்லக் கூடாதா?

கயல் (9:50): உப்பு கிடக்கட்டும், முடிவுக்கு வா அபி. உனக்கு நெஞ்சை அடைத்தது அதுதானே?

அபி (9:58): ஆமாம். அடோலினின் அப்பா டாலினார்தான் நம் பக்கத்து வீரனாகப் பத்தாம் நாள் போய் நிற்கிறார். எதிரே எதிரியின் வீரனாக வந்து நிற்பது தான் தூக்கி வளர்த்த பேரப்பிள்ளை கவினார், வளர்ந்த ஆளாக. கொன்றாலும் தோல்வி, கொல்லாவிட்டாலும் தோல்வி. கைக்கு வந்த தெய்வ சக்தியையே விட்டுக்கொடுத்துவிட்டுச் சாகிறார். இப்போது ஓடியமாக இருக்கிற டாரவாங்கியன் இன்னும் பெரியவனாகிறான். ஊர் இருட்டில் விழுகிறது. நல்லவர்கள் ஜெயிக்கவில்லை, ஆனால் டாலினார் இளமையில் இருந்த அந்தக் கொலைகாரனாகத் திரும்பவும் மாறவில்லை. எனக்கு அது போதும். சாண்டர்சன் கதையென்றால் கடைசி 200 பக்கத்தில் எல்லா முடிச்சும் பட்பட்டென்று அவிழும் என்று பழகிப்போய்விட்டோம். இதில் அவர் அவிழ்க்கவில்லை. அதற்குத் துணிச்சல் வேண்டும்.

கயல் (10:02): துணிச்சல்தான். ஆனால் அடோலினின் மனைவி ஷல்லான் ஆவி உலகத்துப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், அடோலின் இந்தப் பக்கம். பத்துப் புத்தகத் திட்டத்தில் ஐந்தாவது இது. பாதி வீட்டைக் கட்டிக் கிரகப்பிரவேசம் செய்த மாதிரி இருக்கிறது. ஆறாவது 2031 வாக்கில் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது என் மகள் உயர்நிலைப் பள்ளியில் இருப்பாள்.

அபி (10:03): போய்ச் சேருகிற இடத்தை விடப் பயணம்தான் பெரிது என்று அந்தத் தொடரிலேயே சத்தியம் செய்கிறார்கள். நீ முடிவைக் குறை சொல்லவே கூடாது.

திவ்யா (10:03): எவ்வளவு வசதியான சத்தியம், ஆசிரியருக்கு!

ஜானகி பெரியம்மா (10:12): நீங்கள் பேசுவதைப் பார்த்தால் எங்கள் அம்மா ஞாபகம் வருகிறது. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது. அம்மா வாரா வாரம் பக்கங்களைப் பிரித்து எடுத்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்தாள். முடிந்த வாரம் எனக்கு எட்டு வயசு இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து 'இப்படிச் சட்டென்று நிறுத்திவிட்டாரே' என்று அம்மா திட்டியது இன்னும் காதில் கேட்கிறது. அம்மா மட்டும் இல்லை, ஊரெல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். கல்கியே ஒரு முடிவுரை எழுதி, அவர்கள் எல்லாம் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கயல் (10:14): இதுவும் அப்படித்தான் பெரியம்மா! ஜூலை கடைசியிலிருந்தே முன்னோட்டமாக வாரா வாரம் சில அத்தியாயங்களை இணையத்தில் விட்டார்கள். திங்கட்கிழமை ஆனால் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடாது.

ராமு மாமா (10:15): முடிவுரை படித்து அம்மாவுக்குத் திருப்தியா அக்கா?

ஜானகி பெரியம்மா (10:17): எங்கே! அதற்கும் திட்டினாள். 'இதைக் கதையாகவே எழுதியிருக்கலாமே' என்று.

அபி (10:18): பாட்டி நம் கட்சி.

திவ்யா (10:18): பாட்டி என் கட்சி.

சுதா சித்தி (10:25): பாட்டி யார் கட்சியிலும் இல்லை. அந்தப் பைண்டு எங்கே இருக்கிறது அக்கா?

ஜானகி பெரியம்மா (10:27): மூன்றாம் பாகத்தை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. மிச்சம் மேல் அலமாரியில் இருக்கிறது.

19 ஜனவரி 2025, ஞாயிற்றுக்கிழமை

முகுந்த் (காலை 7:10): மியூட்டை எடுத்துவிட்டேன். மேலே எதையும் படிக்கவில்லை, நேராகக் கீழே வந்துவிட்டேன். இரவு 2 மணி வரை உட்கார்ந்து ஆறாம் நாளுக்குள் போய்விட்டேன்.

ஜானகி பெரியம்மா (7:15): அந்த ஆடு மேய்க்கிற பையன் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா? இரவெல்லாம் அவன் நினைப்பாகவே இருந்தது.

முகுந்த் (7:15): யாரும் பதில் சொல்லாதீர்கள்!

சுதா சித்தி (7:16): அக்கா, போன் பண்ணுகிறேன்.