சூடானதும் தீப்பொறி மறைகிறது: காயிலா, சிடிஐயா?

நண்பர்களே, பழைய சைக்கிளில் 66 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினைப் பொருத்தி ஓட்டுகிறேன். குளிர்ந்திருக்கும்போது உடனே கிளம்பிவிடுகிறது. சற்றுத் தூரம் போய் நன்றாகச் சூடானதும் பட்டென்று நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் மேல் தொடவைத்து, பின்சக்கரத்தைத் தூக்கிக் கிளட்ச் விட்டுச் சுழற்றினால் பொறியே இல்லை. ஆறியதும் நல்ல நீலப் பொறி வருகிறது. கோளாறு இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோ காயிலிலா (கம்பிச்சுருள்), அந்த மின்சாரத்தைப் பொறிக்கேற்ற உயர் அழுத்தமாக்கிப் பிளக்குக்கு அனுப்பும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டியிலா என்பதுதான் குழப்பம்.

பார்க்கிறவர்கள் எல்லாம் கார்புரேட்டரைத்தான் குறை சொல்கிறார்கள். பிளக்கோ பெட்ரோலில் நனைந்து வருகிறது, அதாவது பெட்ரோல் போய்ச் சேருகிறது. பாவம், கார்புரேட்டர் என்ன செய்யும்?

பிளக் புதிது, இடைவெளி 0.6 மி.மீ. இன்ஜினை நிறுத்தும் சுவிட்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. காயிலிலிருந்து வரும் வெள்ளைக் கம்பி எதிலும் இணைக்கப்படவில்லை. மேக்னட்டோ காயிலின் நீலம், கறுப்புக் கம்பிகளுக்கு இடையே, ஆறிய நிலையில், சுமார் 350 ஓம் காட்டுகிறது.

காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறதோ என்பது என் ஊகம். காயிலைத் தனியே கழற்றி, முடி உலர்த்தியால் சூடேற்றி அளந்தால் அது தெரிந்துவிடுமா? சிடிஐ பெட்டியைச் சோதிக்க, வேறொன்றை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழி உண்டா? இரண்டையும் சேர்த்து வாங்கிப் பணத்தை வீணாக்க மனமில்லை. இதே கோளாறைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.