வெப்வியூ2: எக்ஸ் அழுத்தினால் கேட்காமலே மூடுகிறது, சேமிக்காத பதிவு போகிறது

பாலாற்றங்கரை:
ஆம்பூரில் ஒரு தோல் கிடங்குக்கான வின்ஃபார்ம்ஸ் (.நெட்டில் விண்டோஸ் ஜன்னல்கள் எழுதும் வழி) அப்ளிகேஷன். லாட் எண், கிரேடு, சதுர அடி பதியும் திரை மட்டும் வெப் பக்கம், வெப்வியூ2-க்குள் (எட்ஜ் எஞ்சினால் வெப் பக்கத்தை அப்ளிகேஷனுக்குள் காட்டும் கன்ட்ரோல்) ஓடுகிறது. அதில் பிஃபோர்அன்லோட் (பக்கத்தை விட்டுப் போகும் முன் 'போகலாமா?' என்று கேட்க வைக்கும் நிகழ்வு) எழுதியிருக்கிறது. எட்ஜில் திறந்து டேபை மூடினால் ஒழுங்காகக் கேட்கிறது. அப்ளிகேஷனில் எக்ஸை அழுத்தினால் கேள்வியே இல்லை, பாதி பதிந்த லாட் போய்விடுகிறது. பக்கத்துக்குள் இருக்கும் 'மூடு' பட்டன் (விண்டோ.குளோஸ்) அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஃபார்ம்குளோசிங்கில் (ஜன்னல் மூடும் முன் வரும் நிகழ்வு) அவெய்ட் (த்ரெட்டைத் தடுக்காமல் பதிலுக்குக் காத்திருப்பது) போட்டால் பதில் வருவதற்குள் ஃபார்ம் மூடிவிடுகிறது; .ரிசல்ட் (த்ரெட்டை நிறுத்திவைத்துக் காத்திருப்பது) போட்டால் அப்படியே உறைந்து நிற்கிறது. எங்கே பிடிப்பது?

கோட்டைவாசல்:
ஃபார்ம் மூடும்போது வெப்வியூ2 டிஸ்போஸ் ஆகிறது (அழிக்கப்படுகிறது). அந்த வழியில் பிஃபோர்அன்லோட் ஓடவே ஓடாது, மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. அதனால் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஃபார்ம்குளோசிங்கின் முதல் வரியிலேயே, எந்த அவெய்ட்டுக்கும் முன்னால், இ.கேன்சல் = ட்ரூ. முதல் அவெய்ட்டில் ஹேண்ட்லர் (நிகழ்வு வரும்போது ஓடும் உங்கள் ஃபங்ஷன்) திரும்பிவிடும். வின்ஃபார்ம்ஸ் அந்த நொடியில் கேன்சல் மதிப்பைப் பார்த்து முடிவெடுத்துவிடும். பிறகு போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். கேன்சல் செய்த கையோடு எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட்அசிங்க் (பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டும் அழைப்பு) மூலம் பக்கத்தில் சேமிக்காதது இருக்கிறதா என்று கேளுங்கள். சேமித்த பிறகோ, பயனர் 'வேண்டாம், விடு' என்ற பிறகோ 'மூடலாம்' என்ற பூலியனை ட்ரூ ஆக்கி மறுபடி குளோஸ் கூப்பிடுங்கள். பூலியன் ட்ரூவாக இருந்தால் ஹேண்ட்லர் கேன்சல் செய்யாமல் விட்டுவிடும். 'கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று இன்னொரு பூலியனும் தேவை, எக்ஸை இரண்டு தடவை தட்டுகிறவர்கள் உண்டு.

.ரிசல்ட் உறைவதற்குக் காரணம், ஸ்கிரிப்ட்டின் பதில் யுஐ த்ரெட்டின் (ஜன்னலை இயக்கும் த்ரெட்) மெசேஜ் லூப் வழியாகத்தான் வரும். அதே த்ரெட்டை நீங்கள் காத்திருக்க வைத்தால் பதில் எப்படி வரும்?

இரண்டு இடத்தில் கால் இடறும். பதில் ஜேசன் (தரவை எழுத்தாகத் தரும் வடிவம்) ஸ்டிரிங்காக வரும்: பக்கம் பூலியன் தந்தால் ட்ரூ, 'ட்ரூ' என்ற ஸ்டிரிங்கைத் தந்தால் மேற்கோள் குறிகளோடு. அடுத்தது, ஸ்கிரிப்ட் ஒரு பிராமிஸைத் (பிறகு முடியப்போகும் வேலைக்கான ஆப்ஜெக்ட்) திருப்பினால் அது முடியும்வரை காத்திருக்காது, வெறும் {} (காலி ஆப்ஜெக்ட்) வரும். ஆகவே சேமிக்கும் வேலையை அதில் நம்பாமல், முடிந்ததும் குரோம்.வெப்வியூ.போஸ்ட்மெசேஜ் அனுப்பச் சொல்லி வெப்மெசேஜ்ரிசீவ்டில் வாங்குங்கள். பக்கம் தொங்கிக் கிடந்தால் ஃபார்மை மூடவே முடியாமல் போகும், டாஸ்க்.வென்எனியோடு (எது முதலில் முடிகிறதோ அதோடு நகரும்) 3 விநாடி டிலே வைப்பது நல்லது.

'மூடு' பட்டன் எளிது. விண்டோ.குளோஸ் வரும்போது விண்டோகுளோஸ்ரிக்வெஸ்டட் நிகழ்வுதான் எழும், ஜன்னலை மூடுவது உங்கள் பொறுப்பு. அதற்குள் நேரடியாக குளோஸோ மெசேஜ்பாக்ஸோ வேண்டாம், பிகின்இன்வோக்கில் (ஹேண்ட்லர் முடிந்த பிறகு ஓட்டுவது) தள்ளுங்கள். வெப்வியூ2-இன் ஹேண்ட்லருக்குள் மோடல் (பதில் தரும்வரை மற்றதைத் தடுக்கும் ஜன்னல்) திறந்தால் மற்ற நிகழ்வுகள் அடைத்துக்கொள்ளும்.

ராணிப்பேட்டை_டெவ்:
மேலே சொன்னது சரி, ஆனால் குளோஸ்ரீசனையும் (ஏன் மூடுகிறது என்ற மதிப்பு) பாருங்கள். விண்டோஸ்ஷட்டவுனாக இருந்தால் கேன்சல் போட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. விண்டோஸ் சுமார் 5 விநாடிதான் பொறுக்கும், பிறகு 'இந்த அப்ளிகேஷன் தடுக்கிறது' என்ற திரையைக் காட்டும். பயனர் தயங்காமல் கட்டாயமாக அணைத்துவிடுவார். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸையே முடித்தாலோ கரண்ட் போனாலோ எந்த நிகழ்வும் வராது. கிடங்கு கம்ப்யூட்டருக்கு எப்போதும் யுபிஎஸ் இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

என் கணக்கில் மூடும்போது சேமிப்பதே தவறான இடம். இன்புட் நிகழ்வில் 500 மில்லி விநாடி டிபவுன்ஸ் (தட்டுவது நின்று அவ்வளவு நேரம் ஆன பிறகே ஓடுவது) வைத்து வரைவை ஹோஸ்ட்டுக்கு (உங்கள் வின்ஃபார்ம்ஸ் அப்ளிகேஷன்) அனுப்பி எஸ்க்யூலைட்டில் (கோப்பில் இருக்கும் சிறு டேட்டாபேஸ்) எழுதிவிடுங்கள். லோக்கல்ஸ்டோரேஜ் (பக்கத்துக்கான பிரவுசர் சேமிப்பு) போதும் என்று விடாதீர்கள், குரோமியம் (எட்ஜின் அடிப்படை எஞ்சின்) அதை உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுவதில்லை.

குடியாத்தம்_கோடர்:
பக்கம் உங்களுடையது இல்லை, கேட்க ஃபங்ஷனும் இல்லை என்றால் வேறு வழி: மூடுவதற்கு முன் அபவுட்:பிளாங்க்குக்கு (காலிப் பக்கம்) நேவிகேட் செய்தால் பிஃபோர்அன்லோட் ஓடும். செட்டிங்ஸில் ஆர்டிஃபால்ட்ஸ்கிரிப்ட்டயலாக்ஸ்எனேபிள்ட் ஃபால்ஸ் ஆக்கினால் ஸ்கிரிப்ட்டயலாக்ஓப்பனிங் வரும், அதன் கைண்ட் (வகை) பிஃபோர்அன்லோட். அக்செப்ட் அழைத்தால் வெளியேறும், அழைக்காவிட்டால் அங்கேயே நிற்கும். அலர்ட், கன்ஃபர்ம் எல்லாமும் அப்போது உங்கள் தலையில்தான். பயனர் பக்கத்தில் ஒரு கிளிக்கோ விசைத் தட்டலோ செய்திராவிட்டால் டயலாக் வராது, டெஸ்ட் செய்யும்போது இதில் குழம்புவார்கள்.

வெப்வியூ2-க்குப் பதில் செஃப் (CEF, குரோமியத்தை அப்ளிகேஷனுக்குள் வைக்கும் இன்னொரு லைப்ரரி) பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம்: குளோஸ்பிரவுசர்(ஃபால்ஸ்) பிஃபோர்அன்லோடை ஓட்டும், ட்ரூ கொடுத்தால் கேட்காது. கியூட் வெப்எஞ்ஜினில் ரிக்வெஸ்ட்குளோஸ். எலக்ட்ரான் தனி ரகம், பிஃபோர்அன்லோட் மதிப்பு தந்தால் டயலாக் காட்டாமலே மூடுவதை நிறுத்திவிடும், வில்-பிரிவென்ட்-அன்லோடில்தான் பிடிக்கணும்.

பாலாற்றங்கரை:
நன்றி அண்ணா. கேன்சலை அவெய்ட்டுக்கு முன்னால் ஏற்றினதும் கேள்வி வருகிறது. ஒரு சந்தேகம்: மூடியதும் யூசர் டேட்டா ஃபோல்டரை (வெப்வியூ2 தன் தரவை வைக்கும் இடம்) அழிக்கப் போனால் 'பயன்பாட்டில் உள்ளது' என்கிறது.

கோட்டைவாசல்:
எம்எஸ்எட்ஜ்வெப்வியூ2 ப்ராசஸ் ஃபார்மோடு சேர்ந்து உடனே போகாது தம்பி. என்விரான்மென்ட் ஆப்ஜெக்டில் பிரவுசர்ப்ராசஸ்எக்ஸிடட் வந்த பிறகு அழியுங்கள். அதே ஃபோல்டரை இன்னொரு ஜன்னல் பயன்படுத்தினால் அதுவும் மூடும்வரை அந்த நிகழ்வு வராது.