அஷ்யூர் டெவ்ஆப்ஸ்: சொந்த குவெரிகளை ஏபிஐ வழியாக மாற்றுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பக், வேலைகளைக் கண்காணிக்க மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் டெவ்ஆப்ஸைத்தான் பயன்படுத்துகிறோம். எங்கள் டீமில் ஒருவர் வேறு ப்ராஜெக்ட்டுக்குப் போகிறார். அவருடைய 'மை குவெரீஸ்' ஃபோல்டரில் கிடக்கும் குவெரிகளை (சேமித்து வைத்த தேடல்களை) வைத்துத்தான் வாராந்திர பக் ரிப்போர்ட்டே ஓடுகிறது. அவற்றை டீமுக்குப் பொதுவான 'ஷேர்டு குவெரீஸ்' ஃபோல்டருக்குக் கொண்டுவர வேண்டும். கையால் செய்ய அலுப்பு. அதனால் ஏபிஐ (ஸ்க்ரிப்ட்டிலிருந்து தளத்தை இயக்கும் வழி) மூலம் ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட்.

ஏபிஐ-யில் நுழைய டோக்கன் (கடவுச்சொல் போன்ற ஒரு சாவி) வேண்டும். அது யாருடையதோ அவருடைய 'மை குவெரீஸ்' மட்டும்தான் தெரியும் என்பதால், அவரையே ஒரு டோக்கன் எடுத்துத் தரச் சொன்னேன். பட்டியல் எடுப்பது வரை சரி. டெப்த் (ஒரே அழைப்பில் எத்தனை அடுக்கு உள்ளே போகலாம் என்பது) அதிகபட்சம் 2 தான் என்பதால், அதற்குக் கீழே உள்ள ஃபோல்டர்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்ப அழைக்கிறேன். மனுஷன் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைப்பதில் மன்னன்! 'எக்ஸ்பாண்ட்' என்ற அளவுருவில் விக்கில் (குவெரி எழுதப்படும் மொழி, WIQL) கேட்டால் குவெரியின் வரிகளும் வந்துவிடுகின்றன.

இனிதான் சந்தேகம். பழைய குவெரியின் ஐடியை மட்டும் பாடியில் (அனுப்பும் தரவில்) வைத்து புது ஃபோல்டருக்கு போஸ்ட் செய்து (ஏபிஐ-க்கு அனுப்பி) நகர்த்துவதா, விக்கிலை எடுத்துப் புதிதாக உருவாக்குவதா? எங்கள் மற்ற ஸ்க்ரிப்ட்கள் ஐடியை வைத்தே குவெரியைக் கூப்பிடுகின்றன, அது மாறினால் தலைவலி. நகர்த்தினால் ஐடி அப்படியே இருக்குமா?

இன்னொன்று, பல குவெரிகளில் '@மீ' ('நான்' என்பதற்கான குறி) இருக்கிறது. ஷேர்டில் போட்டால் ஓட்டுபவர் பெயரைத்தானே எடுக்கும்? அதைப் போகிற நண்பரின் பெயராக மாற்றும் வேலையை ஸ்க்ரிப்ட்டிலேயே செய்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கோடைக் கொஞ்சம் காட்டுங்களேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.