யூத சமூக நிலையம் போல நம்ம ஊரில் எல்லா வயதினரும் புழங்கும் இடம் – எப்படி நடத்துவது?

பள்ளத்தூர்க்காரர்:
ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வளவு வீட்டின் (நடுவில் முற்றம் உள்ள பெரிய வீடு) முகப்பும் பட்டாசாலையும் (பெரிய கூடம்), பங்காளிகள் எல்லோரும் சம்மதித்து, ஊர்ப் பொதுவுக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் யூதர்கள் நடத்தும் சமூக நிலையங்களில் (ஜேசிசி என்பார்கள்) கைக்குழந்தையிலிருந்து தொண்ணூறு வயதுவரை ஒரே கட்டடத்தில் புழங்குகிறார்கள். இங்கே எதைத் தொடங்கினாலும் ஆண்டு விழாவாக முடிந்துவிடுகிறது: பிள்ளைகள் மேடையில், ஆச்சிமார் நாற்காலியில், இளவட்டம் வாசலில் போனோடு. அவர்கள் இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? நேரம், பணம், கட்டடம் பற்றித் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கொட்டான்:
அண்ணே, அங்கே யாரையும் "எல்லா வயதினரும் கூடுவோம்" என்று அழைப்பதில்லை. அவரவர் அவரவர் தேவைக்கு வருகிறார்கள். வரும் நேரமும் நடக்கும் வழியும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி அமைத்திருப்பதில்தான் சூட்சுமம். பாலர் பள்ளியில் பிள்ளையை விட வரும் தாய் அப்படியே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார். அதே காலையில் நீச்சல் குளத்தில் மூட்டுவலிக்காரப் பெரியவர்களுக்குத் தண்ணீர்ப் பயிற்சி நடக்கும். முன்கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து மாஜாங் என்ற சீனக் காய் ஆட்டம் ஆடுவார்கள். எந்த வகுப்புக்குப் போகிறவரும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகணும்.

இது ஒரே நாளில் அமைந்ததல்ல. 1854இல் பால்டிமோரில் வாலிபர்களின் இலக்கியச் சங்கமாகத் தொடங்கியது. 1874இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் இன்றும் 92ஆம் தெருவில் நடக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மக்கள் வந்து குவிந்தபோது இத்தகைய சங்கங்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தன. பிழைப்புக்கு வேண்டியதைக் கொடுத்ததால் குடும்பமே உள்ளே வந்தது.

இரண்டாவது, வாரம் தவறாத ஒரு நிகழ்வு. வெள்ளிக்கிழமை பாலர் பள்ளிகளில் சபாத் (வெள்ளி மாலை தொடங்கும் யூதரின் வார ஓய்வுநாள்) வரவேற்பு நடக்கும். மாலையில் வைக்க முடியாது. சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கையிலேயே வீட்டில் விளக்கேற்றுவது மரபு. அதனால் முற்பகலிலேயே முடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்ந்த மேசை, இரண்டு மெழுகுவத்தி, திராட்சைச் சாறு, துணி மூடிய பின்னல் ரொட்டி. வாரம் ஒரு பிள்ளையின் முறை. அந்த வீட்டுத் தாத்தா பாட்டியையும் அழைப்பார்கள். பாட்டு, ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நமக்கும், நகரத்தார் வீடுகளில், பிள்ளையார் நோன்பு இருக்கிறது. மூத்தவர் கையால் வயது வரிசையில் எல்லோரும் இழை (மாவில் திரி வைத்து ஏற்றிய நோன்புப் பிரசாதம்) வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை. வாரம் ஒன்று வேண்டும். பள்ளி விட்டதும் வெள்ளிதோறும் 45 நிமிடம் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னல் வையுங்கள். ஓர் ஆச்சிக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றுக்கு மேல் போனால் ஆச்சியே எல்லாவற்றையும் பின்னி முடிப்பார், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஓலை காய்ந்திருந்தால் மடிக்கும் இடத்தில் முறியும், ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுங்கள். சின்னதுகளுக்கு விரல் பிடிபடாது. சாய ஓலையை நிறம் பிரிக்கக் கொடுங்கள். பட்டாசாலைக்குப் போகும் வழியிலேயே பல்லாங்குழியும் தாயமும் விரித்து வையுங்கள், மூலையில் வேண்டாம்.

ஊருணிக்கரை:
பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே பாலர் பள்ளி, கோடைக்காலப் பகல் முகாம், உடற்பயிற்சிக் கூடச் சந்தா இவைதான் பெருவரவு. பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நன்கொடையில் நடக்கும். சந்தாவில் குடும்பம், தனி ஆள், மூத்தோர் என்று வகை உண்டு. கட்ட முடியாதவருக்குக் குறைத்துக்கொள்வார்கள், அது வெளியே தெரியாது.

நம்ம ஆட்கள் உடனே புள்ளிவரிக்கு (மணமான குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணி நகரத்தார் கோயிலுக்குப் போடும் வரி) போவார்கள். அது கோயிலுக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது, ஏனென்றால் புள்ளிக் கணக்கில் ஊரில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். யூத நிலையங்களில் மற்ற மதத்தாரும் உறுப்பினராகலாம். பண்டிகைகள் யூத வழக்கப்படியே இருக்கும், கதவு மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: நோன்பு நம்ம முறையில், சேர்க்கை ஊர் முழுமைக்கும். நிலையான வரவுக்குப் பள்ளி முடிந்த பிறகான பிள்ளைப் பராமரிப்பு ஒன்று போதும். நன்கொடையை மட்டும் நம்பினால் மூன்றாம் ஆண்டு கரண்ட் பில்லுக்கே அலைவீர்கள்.

பள்ளத்தூர்க்காரர்:
நன்றி. 13 முதல் 18 வயதுக்காரர்களை என்ன செய்வது? அவர்கள்தான் வருவதே இல்லை.

திண்ணை:
தம்பி, அவர்களுக்கு நிகழ்ச்சி வைக்காதீர்கள், பொறுப்பு கொடுங்கள். அங்கே கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளாக வருகிறவர்களே வளர்ந்ததும் உதவியாளராகப் பயிற்சி எடுத்து, பிறகு சம்பளத்துக்கே நிற்பார்கள். 1982இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கிய மக்காபி விளையாட்டுகளும் (யூத நிலையங்கள் நடத்தும் போட்டிகள்) அந்த வயதுக்குத்தான். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் விடுதியில் தங்க மாட்டார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடும். மே மாதத்தில் சென்னை, சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வரும்போது இரண்டு வாரப் பகல் முகாம் போட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பதினாறு வயதுக்காரரை நிறுத்துங்கள். ஆனால் பெரியவர் இருவராவது எப்போதும் கண்பார்வையில் இருக்கணும்; பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்ற பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கணும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

கட்டடத்தில் மூன்று இடைஞ்சல். ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும், மழை நாளில் வளவு முற்றத்தைச் சுற்றி மிதியடி விரியுங்கள். உயரமான கூடத்தில் குரல் எதிரொலித்து, காது மந்தமானவர்களுக்கு எதுவும் விளங்காது. தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவரிலும் கனத்த துணி தொங்கவிட்டால் நன்றாகக் குறையும். படி 60 செ.மீ. உயரம் என்றால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும் (1:12 கணக்கு). முகப்பில் அவ்வளவு இடம் இருக்காது. பக்கவாட்டுச் சந்தில் நீளம் கிடைக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கழிப்பறையையும் அந்தப் பக்கமே கட்டிவிடலாம்.